ஏழு நாள் காய வேண்டிய தரை

லேப் அம்மா யாரையும் பார்த்து "வெளியே போ" என்று சொன்னதில்லை. அறுபத்து மூன்று வயதில் அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. சொல்லவேண்டிய அவசியமே வராதபடி காரியம் பண்ணத் தெரிந்தவள் எதற்காக வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? மாடியில் முன்பு ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்களுக்குக் குழந்தை பிறந்தது, ராத்திரியெல்லாம் அழுதது. லேப் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டை மாடி கசிகிறது, பூச வேண்டும் என்று சொல்லி ஒரு திங்கட்கிழமை காலையில் மேலே போகிற தண்ணீர்க் குழாயை மூடினாள். தானே சிமெண்ட் குழைத்துத் தானே பூசினாள். அது காய்வதற்கு இருபது நாள் ஆகும் என்றாள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து பார்த்துவிட்டுப் பதினேழாம் நாள் அந்தக் குடும்பம் சாமான் ஏற்றியது. போகும்போது அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு வீட்டுக்காரம்மா கிடைக்க மாட்டாங்க" என்று கண் கலங்கிவிட்டுப் போனாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, இவள் பழத்தையும் அவர்கள் கையாலேயே உரிக்கவைத்து ஏற்றுவாள்.

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்ததால் தெருவில் அவளுக்கு லேப் அம்மா என்று பெயர். அளந்து ஊற்றிய கை. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. வீட்டிலும் அப்படித்தான். குழாய் ஒழுகினாலும் மிக்சி நின்றாலும் சுவர் வெடித்தாலும் அவளே உட்கார்ந்து சரி பண்ணுவாள். தன் கையே தனக்கு உதவி என்று அடிக்கடி சொல்வாள். அவளுடைய வீட்டுக்காரர் ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்து ஓய்வு பெற்றவர். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற மனிதர். ஏன் என்ற ஒரு கேள்வியை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதில்லை.

அந்த வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றது கிடையாது. மகன் ஒரு நாள் வாங்குவான் என்று கட்டிப் போட்டது. அங்கே நாலு வருஷமாக அவளுடைய கூடப்பிறந்த தம்பி குடியிருந்தான். ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு மேசை விசிறி, பின்சுவரில் கட்டிய சிமெண்ட் அலமாரியில் நாலு பொருள். அதுதான் அவன் சம்சாரம். ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எபாக்ஸி என்கிற பிசின் பூச்சால் வழவழப்பான தரை போடுகிற கூட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அவன் போட்ட தரையில் மேலே எரிகிற குழல் விளக்கு நெளியாமல் கோடு போட்டது போல நேராகத் தெரியும் என்று கூட இருந்தவர்கள் அவனைக் கண்ணாடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு அந்த மருந்து அவனைத் திருப்பிக் கடித்தது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. அப்புறம் உள்ளங்கைத் தோல் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அப்புறம் வேலை நடக்கிற கட்டிடத்துக்குள் நுழைந்தாலே கண் வீங்கியது, மூச்சு இழுத்தது. இனிமேல் இதைத் தொடவே கூடாது, தொட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், மூச்சு இழுத்தால் உடனே போட ஒரு மாத்திரையும் எழுதினார். அந்தச் சீட்டை அவன் அக்காவிடம்தான் கொண்டுவந்து படிக்கக் கொடுத்தான். ரசாயனம் தெரிந்தவள் அவள்தானே. அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தடவை படித்தாள். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று அன்றைக்கு வந்தவன்தான்.

அவன் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் வாங்கி வருவான், தண்ணீர்த் தொட்டி கழுவுவான், அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு முட்டி வலித்தால் தைலம் தேய்த்துவிடுவான். தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பான். கூடத்தில் டிவி ஓடினால் வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான், உள்ளே வந்து உட்கார மாட்டான். குட்டக் குட்டக் குனிகிற பிறவி. குனிகிறவனைப் பார்த்தால் சிலருக்குக் கை ஊறும்.

ஒரு மாதம் முன்பு மகன் போன் பண்ணினான். இந்த ஊருக்கே வேலை மாற்றல், மனைவியோடு வந்து மாடியில் இருக்கப்போகிறான், கார் வாங்கிவிட்டான். லேப் அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. "ஷெட்டு காலியா இருக்கும்ல அம்மா?" என்று அவன் கேட்டபோது பின்னாலிருந்து மருமகள், "அங்க உங்க மாமா இருக்காரே, அவரு எங்க படுப்பாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கறையில் கேட்டதா, அலுப்பில் கேட்டதா என்று போனில் எப்படித் தெரியும்? லேப் அம்மா அலுப்பு என்று எடுத்துக்கொண்டாள். தனக்குத் தோதான அர்த்தத்தைப் பொறுக்கி எடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். கீழே ரெண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இருந்தன. ஒரு கட்டில் போட அவற்றில் எங்கும் இடமில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

முதலில் டைல்ஸ் ஒட்டலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் டைல்ஸ் ஒட்டினால் மூன்றாம் நாள் தம்பி அதன் மேல் கட்டிலைப் போட்டுவிடுவான். போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, உங்கள் கார் ஷெட் தரைக்கு நீங்களே எபாக்ஸி பூசலாம் என்று ஒருவர் பூசிக்காட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு டின்னைக் கலக்க வேண்டும், ரோலரால் தேய்க்க வேண்டும், ஏழு நாள் காயவிட வேண்டும். லேப் அம்மா அந்த வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

அன்று சாப்பாட்டு வேளையில் தம்பிக்குச் சோறு வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கார் வருதுல்ல. ஷெட்டுத் தரைக்கு எபாக்ஸி போடலாம்னு இருக்கேன். நானே போட்டுக்கறேன்."

கண்ணாடியின் கை தட்டிலேயே நின்றது. "எபாக்ஸியா? எதுக்குக்கா? சிமெண்ட் தரையே கார் நிக்கத் தாங்குமே."

"எண்ணெய் சிந்தினா கறை படியுமாம். இது தொடைச்சா போயிடும். ஏழு நாள் யாரும் உள்ள போகக் கூடாது."

"ஏழு நாள் நான் தாழ்வாரத்துல படுத்துக்கறேன்க்கா. அந்தப் பக்கம் வாசனை வராது." பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஏழு நாள் கழிச்சு?"

"ஏழு நாள் போகட்டும். பாக்கலாம்" என்றாள் லேப் அம்மா.

பாக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னவெல்லாம் கட்டுவான்! மறுநாளே கட்டிலைக் கழற்றித் தாழ்வாரத்தில் மாட்டினான், பெட்டியைத் தூக்கி வைத்தான். அதோடு இருந்திருக்கலாம். இல்லை, ஷெட்டு வாசலுக்கு எதிரே மதில் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்தால் அக்கா மனசு இளகும் என்பது அவன் கணக்கு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சொல்கிறார்களே. சொன்னவர்கள் லேப் அம்மாவைப் பார்த்ததில்லை.

"ஒரு அடி பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுக்கா. ஒரு நாள் கழிச்சு எடுத்துப் பாரு. அடியில வேர்த்திருந்தா தரையில ஈரம் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் போட்டா அப்பளம் மாதிரி கிளம்பிடும்" என்று ஸ்டூலில் இருந்தே சொன்னான். அவள் ஒட்டினாள். வேர்க்கவில்லை. சோப்புத் தூள் போட்டுத் தேய்க்கச் சொன்னான், தேய்த்தாள். அமிலம் ஊற்றித் தரையைச் சொரசொரப்பாக்குவதற்கு மட்டும் அவன் பாடம் தேவைப்படவில்லை. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைத் திட்டியவள் அவள். தரை சீறி நுரைத்தது. கழுவித் தள்ளி மூன்று நாள் காயவிட்டாள். வெடிப்புகளில் பட்டி வைத்து அடைத்தாள். சொன்னபடி எல்லாம் சரியாக வந்தது.

கடைசியில் பூசுவதில்தான் இடித்தது. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு முழத் தரையில் கொஞ்சமாகக் கலந்து ஒத்திகை பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்ததும் பார்த்தால் ஊசி முனை மாதிரி குமிழ்கள், ரோலர் போன வழியெல்லாம் வரி வரியாகத் தடம். வீடியோக்காரர் தரை வேறு மாதிரி இருந்தது. மருமகள் வந்து இறங்கி முதலில் பார்க்கப்போவது இந்தத் தரையைத்தான். லேப் அம்மாவுக்குத் தன் கை தோற்றது தாங்கவில்லை. ஆள் வைத்துப் பூசினால் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும், லேப் அம்மாவுக்கும் ஆள் தேவைப்பட்டது என்று. அந்த ஊரில் இதைக் குமிழ் இல்லாமல் போடத் தெரிந்த கை ஒன்று மதில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டால் அப்புறம் அதற்கு ஏதாவது கொடுக்கவேண்டி வரும். ஆகவே அவள் கேட்கவில்லை.

பூசுகிற நாள் காலையில் வாசலுக்கு நேராக, ஸ்டூலில் இருப்பவன் கண்ணில் நன்றாகப் படுகிற இடத்தில் டின்களைத் திறந்தாள். பெரிய டின்னில் ரெசின் என்கிற பிசின், சின்ன டின்னில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு என்று டின் மேலேயே போட்டிருந்தது. சமையலறையில் உப்புக்குக்கூட ஸ்பூன் வைத்து அளக்கிறவள், அன்றைக்கு ஹார்ட்னரைக் கையால் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றப் போனாள்.

"அக்கா! நில்லு!" கண்ணாடி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். "என்னக்கா இது, குழம்பா வைக்கற? அளவு தப்பினா ஜென்மத்துக்கும் காயாது. பிசுபிசுன்னு கால்ல ஒட்டும்."

"அப்படியா?" என்றாள் அவள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. "எனக்கு என்னப்பா தெரியும். எப்படியோ பூசிக்கறேன். நீ கிட்ட வராத, உனக்கு ஆகாது."

எப்படியோ என்ற சொல் அவனைக் கொன்றது. இருபத்திரண்டு வருஷம் எந்தத் தரையையும் அவன் எப்படியோ போட்டதில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த வரித்தடத்தை அவனும் பார்த்திருந்தான். பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றான். ரெண்டு நிமிஷம் நின்றான். அவள் ரோலரை எடுத்து நேராக டின்னுக்குள்ளேயே முக்கினாள்.

"குடுக்கா இங்க" என்றான்.

"வேண்டாம்ப்பா. டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?"

"கையில உறை போட்டுக்கறேன். மூக்குல ஈரத்துணி கட்டிக்கறேன். ஒரு மணி நேர வேலை. மருந்து மேல படாம எனக்குப் போடத் தெரியாதா?"

"நான் சொன்னா நீ எங்க கேக்கற" என்று சொல்லி லேப் அம்மா ரோலரை அவன் கையில் கொடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை ஒரு ஜோடி ஏற்கெனவே அவள் மடியில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். வழக்கம் போல ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஷெட்டில் நடந்ததைப் பார்க்க ரெண்டு கண் போதாது. கண்ணாடி தகரப் பெட்டியைத் திறந்து அடியில் இருந்து முள் செருப்பை எடுத்தான். அடியில் நீள நீளமாக ஆணி வைத்த செருப்பு. அதைக் கட்டிக்கொண்டு ஈரப்பூச்சின் மேலேயே நடக்கலாம், ஆணி பட்ட துளை தானாக மூடிக்கொள்ளும். கூடவே குமிழை உடைக்க முள்ளு முள்ளாக ஒரு ரோலர். நாலு வருஷமாக எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைத்திருந்தான். அவன் முதுகு நிமிர்ந்ததை மாமா அன்றைக்குத்தான் பார்த்தார். "மாமா, மெதுவா கலக்குங்க, வேகமா கலக்கினா காத்து ஏறும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இப்ப ஊத்துங்க! டின்னுலயே வெச்சா சூடேறிக் கல்லாயிடும், தரையில கோடு கோடா ஊத்துங்க!" என்று அதட்டினான். மாமா ஓடினார், சிரித்தார், மூச்சிரைத்தார். ஓரங்களுக்குப் பிரஷ், நடுவுக்கு ரோலர், குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, அதன் மேல் முள் ரோலர். பின்சுவரில் தொடங்கி அடி அடியாகப் பின்னால் நடந்து வாசலுக்கு வந்தான். இடையிடையே தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உறை பழையது, வலது கைக் கட்டைவிரலில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகச் சாம்பல் நிறப் பூச்சு உள்ளே போனதை அவனும் கவனித்தான், நிறுத்தவில்லை. நிறுத்தினால் தடம் விழும்.

கடைசி ஒரு அடியையும் போட்டுவிட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றபோது ஷெட்டின் உள்ளே ரெண்டு விளக்கு எரிந்தது போல இருந்தது, ஒன்று மேலே, ஒன்று தரையில். தரையில் இருந்தது ஒரு இழைகூட நெளியவில்லை.

"பாத்தியாக்கா" என்றான். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. பிறகு, இத்தனை நாள் எங்கே சொல்வது என்று வைத்திருந்ததைச் சொன்னான். "உன் பையன் காரு என்ன காருன்னு மாமாகிட்ட கேட்டு அளந்து பாத்தேன்க்கா. அதை நிறுத்தினாலும் இந்தப் பக்கம் மூணு அடி மிச்சம் இருக்கு. என் கட்டிலு ரெண்டரை. கதவு திறக்க இடைஞ்சலா இருந்தா கட்டிலைச் சுவரோட சாய்ச்சு நிறுத்திடுவேன். காரு உள்ள வரும்போது நான் வெளிய வந்துடுவேன்."

லேப் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்ப்பா. முதல்ல காயட்டும்."

சாப்பிடக் கூப்பிடும்போது அவன் தாழ்வாரத்தில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ரெண்டு கண்ணும் மூடிவிட்டன. மூடிக்கொள்ளவில்லை, இமை ரெண்டும் வீங்கி ஒன்றோடொன்று முட்டி நின்றன. உதடு பழுத்துத் தொங்கியது. வலது கை முழங்கை வரைக்கும் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. மூச்சு விசில் மாதிரி போய் வந்தது.

"மாத்திரை எங்க மாப்ளே, மாத்திரை எங்க?" என்று மாமா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கண்ணாடி கையைத் தூக்கி ஷெட்டின் பக்கம் காட்டினான். பின்சுவர் அலமாரி. கட்டிலையும் பெட்டியையும் நகர்த்தியவன், சுவரோடு இருந்த அலமாரியில் மாத்திரையை விட்டிருந்தான். ரோலரை வாங்குகிற அவசரத்தில் அவனுக்கு அது நினைவில் இல்லை. அதற்கும் வாசலுக்கும் நடுவில் பதினெட்டு அடி ஈரத் தரை.

மாமா ஓடினார். செருப்பை உதறிவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் காலை வைக்கப் போனவரின் முன்னால் லேப் அம்மாவின் கை குறுக்கே வந்தது.

"என்ன பண்றீங்க?"

"மாத்திரை உள்ள இருக்கு."

"கால் பதிஞ்சா அவ்வளவுதான். அப்புறம் மொத்தத்தையும் சுரண்டணும். மருந்துக் கடை எங்க போச்சு? போய் வாங்கிட்டு வாங்க."

"மூணு தெரு போகணும்மா. அவனுக்கு மூச்சு இழுக்குது."

அன்றைக்குத்தான் அந்த மனிதர் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய கையைப் பிடித்து விலக்கினார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், விலக்கிய கையை விடாமல் அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் கண்ணாடி சுவரைத் தடவிக்கொண்டே ஷெட்டு வாசலுக்கு வந்துவிட்டான். கண் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தது.

"வேண்டாம் மாமா" என்றான் வீங்கிய உதட்டோடு. "இப்ப முள் செருப்பு போட்டாலும் மூடாது. இறுக ஆரம்பிச்சாச்சு. தடம் விழுந்துடும்."

"பாருங்க, அவனே சொல்றான்" என்றாள் லேப் அம்மா. அவள் குரலில் நிம்மதி இருந்தது. கேட்பவர்கள் அதை அக்கறை என்றுகூட நினைக்கலாம்.

மாமா அவள் கையை விட்டுவிட்டார். ஆட்டோவைத் தெருமுனையில் பிடித்து, ரெண்டு பேருமாக அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, கையில் மருந்து தடவிக் கட்டி, கண்ணுக்கு ஈரப் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் தாண்டியிருந்தால் சொல்வதற்கில்லை என்றாள் டாக்டர். அவள் சின்ன வயசுப் பெண், கோபக்காரி. இதைத் தொடக் கூடாதென்று தெரிந்தும் யார் தொட விட்டது என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் டாக்டர், கேக்கல" என்றாள் லேப் அம்மா. அது பொய்யில்லை. அவள் அபூர்வமாகத்தான் பொய் சொல்வாள்.

மூன்றாம் நாள் மாமா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது டாக்டர் வார்டைப் பார்வையிட வந்தாள். கண்ணாடி கண்ணில் பஞ்சோடு அசையாமல் படுத்திருந்தான், தூங்குகிறான் என்றுதான் தோன்றியது. கட்டில் பக்கத்தில் நின்று லேப் அம்மா மெல்லிய குரலில் கேட்டாள்.

"டாக்டர், அந்த ஷெட்டுலதான் இவன் படுக்கறது. தரை முழுக்க இப்ப அந்த மருந்துதான். இனிமே இவன் அங்க இருக்கக் கூடாதில்ல?"

டாக்டர் சீட்டை எழுதிக்கொண்டே, "காயறதுக்கு முன்னாடிதான்மா ஆபத்து. ஒரு வாரம், பத்து நாள் நல்லா காஞ்சுடுச்சுன்னா அது வெறும் பிளாஸ்டிக் மாதிரி. தாராளமா படுக்கலாம். திரும்பச் சுரண்டறது, பூசறதுன்னு மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

லேப் அம்மா தலையாட்டினாள். இந்த ரசாயனம் அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் கேட்டாள். டாக்டர் வாயில் வேறு பதில் வந்தால் சுலபமாக இருக்கும் என்று பார்த்தாள், வரவில்லை. அன்று சாயங்காலம் வராந்தாவில் வீட்டுக்காரரிடம், "டாக்டர் சொல்லிட்டாங்க, அந்தத் தரை இருக்கற வீட்டுலயே அவன் இருக்கக் கூடாதாம். உசுருக்கு ஆபத்தாம்" என்றாள். "நம்மதான் போட்டோம்" என்று மட்டும் அவர் சொன்னார்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்புகிறோம் என்றார்கள். காலையில் லேப் அம்மா முதலில் ஷெட்டுக்குப் போனாள். விரலால் தட்டிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெறுங்காலோடு இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரு தடவை நடந்தாள். குளுகுளுவென்று இருந்தது. அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வீட்டுக்காரர் பில் கட்டுகிற வரிசையில் நிற்க, அவள் மட்டும் வார்டுக்குள் போனாள்.

கண்ணாடி சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வடிந்திருந்தது. வலது கைத்தோல் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது.

"தரை எப்படிக்கா இருக்கு? குமிழ் எதுவும் கிளம்பலையே?" என்றுதான் முதலில் கேட்டான்.

"ஒண்ணுகூட இல்ல. நல்லா வந்திருக்கு."

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகும் அவள் வந்த காரியத்தை ஆரம்பித்தாள். "ஆனா ஒண்ணுப்பா. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. டாக்டரு சொல்லிட்டாங்க. காஞ்சாலும் அந்தத் தரை உனக்கு ஆகாதாம். அந்த வீட்டுலயே நீ இருக்கக் கூடாதாம். நான் என்ன பண்ணுவேன் சொல்லு? உசுருக்கு மேல எதுவும் இல்லையே."

அவன் உரிந்த கையைத் திருப்பிப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார்.

"டாக்டரு அப்படிச் சொல்லலக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. "நல்லா காஞ்சதுக்கு அப்புறம் தாராளமா படுக்கலாம்னு சொன்னாங்க. கண்ணுதான் வீங்கியிருந்துச்சு. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

லேப் அம்மாவின் கை பைக்குள் மாத்திரை அட்டையைப் பிடித்தபடி நின்றது. கழுத்திலிருந்து முகத்துக்குச் சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. அது வெட்கம்தான். ஆனால் வெட்கப்பட்டவர்கள் எல்லாம் திருந்திவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"மாமாகிட்ட நான் சொல்லல" என்றான் அவனே. "சொல்லவும் மாட்டேன். அவரு தாங்க மாட்டாரு. நீ சொன்ன மாதிரியே இருக்கட்டும், எனக்கு அந்தத் தரை ஆகாது." பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவளுக்கு அவன் கொடுத்த ஒரு வாய்ப்பு அது. அவ்வளவுதான். ஒரு பாக்கலாம் போதும் அவனுக்கு, ஆயுசு முழுக்க அதை வைத்தே ஓட்டிவிடுவான்.

எங்கே போவாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் பதில் இல்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துத் தலையணை மேல் வைத்தாள்.

"சரி. அப்ப நீ வீடு வரைக்கும் வந்து அலைய வேண்டாம்" என்றாள். "பெட்டியை மாமாகிட்ட இங்கயே குடுத்தனுப்பறேன்."